நீளும் கண்ணாடி: உலோகக் கண்ணாடிக் கூட்டுப்பொருள்களில் வலிமையும் நீட்சியும்



உலோகவியலில் ஏதாவதொரு பொருளைப் பற்றித் தமிழில் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்தவர்கள் கேட்டுக்கொண்டபோது, தயக்கமின்றி இந்தத் தலைப்பைத் தேர்ந்தேன். உலோகத்தோடு பழகியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு தொல்லை உண்டு. வலிமையைக் கூட்டினால் நீளும் தன்மை குறைகிறது. நீளும்படி செய்தால் வலிமை போய்விடுகிறது. கொல்லன் உலையில் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்கிய இரும்பைத் திரும்பவும் மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்துவது இதற்காகத்தான். உலோகக் கண்ணாடியில் இந்தத் தொல்லை உச்சத்துக்குப் போகிறது. அதன் வலிமை மிக அதிகம். இழுத்தால் நீளுவதோ அறவே இல்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சி அதற்கு ஒரு விடையைக் கண்டிருக்கிறது. அந்த விடையின் சாரம் அளவு என்பதே என் கருத்து. எந்தப் பொருளைக் கலந்தோம் என்பதைவிட, கலந்த பொருள் உள்ளே எந்தப் பருமனில், எத்தனை மைக்ரான் இடைவெளியில் அமர்ந்திருக்கிறது என்பது முக்கியம். இன்றைய பேச்சு முழுவதும் இதைச் சுற்றித்தான்.

பொருளை முதலில் அறிமுகப்படுத்துகிறேன். உலோகக் கண்ணாடி ஒளியை ஊடுருவ விடாது. கையில் எடுத்தால் மெருகேற்றிய எஃகுத் துண்டு போலவே இருக்கும். வேறுபாடு உள்ளே இருக்கிறது. நாம் புழங்கும் இரும்பு, செம்பு, அலுமினியம் எல்லாவற்றிலும் அணுக்கள் வரிசை தப்பாமல் அடுக்கப்பட்டுப் படிகமாக இருக்கின்றன. உருகிய நிலையில் அந்த ஒழுங்கு கிடையாது. ஆற ஆற அணுக்கள் தத்தம் இடங்களைத் தேடி அமர்கின்றன. அமர்வதற்கு நேரம் கொடுக்காமல் குளிர்வித்தால் உருகிய நிலையின் ஒழுங்கின்மை அப்படியே உறைந்துபோகிறது. சர்க்கரைப் பாகை நாள்கணக்கில் அசைக்காமல் வைத்தால் கற்கண்டு விளைகிறது. அதையே முற்றக் காய்ச்சித் தட்டில் ஊற்றிச் சட்டென்று ஆறவிட்டால் கண்ணாடி போன்ற மிட்டாய் கிடைக்கிறது. இரண்டும் ஒரே சர்க்கரைதான்.

உலோகத்தில் இதைச் செய்வது கடினம். சர்க்கரை மூலக்கூறு பெரியது, மெல்ல நகர்வது. உலோக அணுவோ நொடியில் இடம் பிடித்துவிடும். 1960-இல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் போல் டூவே, வில்லியம் கிளமென்ட், வில்லன்ஸ் மூவரும் தங்கத்தையும் சிலிக்கனையும் 75-க்கு 25 என்ற அணு விகிதத்தில் உருக்கி, அந்தத் துளியை வாயு அழுத்தத்தால் குளிர்ந்த செப்புப் பரப்பின் மேல் பாய்ச்சினார்கள். நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் அது குளிர்ந்தது. எக்ஸ்-கதிர்ச் சோதனையில் படிகத்துக்குரிய கூர்மையான கோடுகள் தெரியவில்லை. உலகின் முதல் உலோகக் கண்ணாடி அது. கிடைத்தது மெல்லிய செதில்தான். அதுவும் அறை வெப்பநிலையில் நெடுநேரம் நிலைத்து நிற்கவில்லை.

அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள், கெட்டியான துண்டு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே செலவாயின. ஹார்வர்டில் டேவிட் டர்ன்புல், எந்த உருகல் எளிதில் கண்ணாடியாகும் என்பதற்குக் கோட்பாட்டு அடிப்படை தந்தார். எச். எஸ். சென் 1974-இல் பல்லேடியம் கலவைகளில் மில்லிமீட்டர் பருமன் வரை எட்டினார். ஜப்பானில் செண்டாய் நகரின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் அகிஹிசா இனோவே 1980-களின் இறுதியிலிருந்து கலவை கலவையாகத் தேடி, ஒரு நடைமுறை வழிகாட்டுதலை வகுத்தார். குறைந்தது மூன்று தனிமங்கள் வேண்டும். அவற்றின் அணுப் பருமன்கள் 12 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட வேண்டும். அவை ஒன்றையொன்று நாடிக் கலப்பவையாக இருக்க வேண்டும். பல அளவுள்ள அணுக்கள் நெருக்கமாக அடைந்துவிட்டால் எதற்கும் நகர வழியிருக்காது. படிகம் முளைக்கத் திணறும்.

1993-இல் கால்டெக்கில் ஆத்தகான் பெக்கரும் வில்லியம் ஜான்சனும் வெளியிட்ட கலவைதான் திருப்புமுனை. சிர்க்கோனியம் 41.2, டைட்டானியம் 13.8, தாமிரம் 12.5, நிக்கல் 10, பெரிலியம் 22.5 என்ற விகிதம். வைட்ரலாய் 1 என்று பெயர் பெற்றது. நொடிக்கு ஒரு டிகிரி என்ற அளவில் குளிர்ந்தாலே இது கண்ணாடியாகிவிடும். முதலில் தேவைப்பட்ட பத்து லட்சம் டிகிரியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சென்டிமீட்டர் கணக்கில் பருமனுள்ள கட்டிகளை வார்க்க முடிந்தது. அதன் பிறகுதான் இது பொறியாளர்கள் கவனிக்க வேண்டிய பொருளானது.

அதன் வலிமை எவ்வளவு? ஏறத்தாழ 1.9 கிகாபாஸ்கல். ஒரு சதுர மில்லிமீட்டர் முகப்புள்ள கம்பியில் 190 கிலோவுக்கு மேல் தொங்கவிடலாம் என்று பொருள். கட்டட வேலைக்குப் பயன்படும் சாதாரண மென்னெஃகு 250 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக வளைந்துகொடுக்கத் தொடங்கிவிடும். இன்னொரு சிறப்பும் உண்டு. இரண்டு விழுக்காடு வரை நீட்டிவிட்டு விட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். படிக உலோகங்கள் பெரும்பாலும் இதில் பாதியைக் கூட எட்டுவதில்லை. 1990-களின் இறுதியில் இந்த மீட்சிக்காகவே கோல்ஃப் மட்டைகளின் தலையை இதில் வார்த்து விற்றார்கள்.

இவ்வளவு நல்ல பொருள் ஏன் பாலங்களிலும் விமானங்களிலும் இல்லை? இழுவைச் சோதனையில் அந்த இரண்டு விழுக்காட்டைத் தாண்டிய கணத்தில், ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் உடைகிறது. சிர்க்கோனியம் கலவைகள் காற்றில் உடையும்போது பளிச்சென்று ஒளி தெறிக்கும். புதிதாக வெளிப்பட்ட உலோகப் பரப்பு அந்த வெப்பத்தில் ஆக்சிஜனோடு எரிவதால் வரும் ஒளி அது. ஓர் உலோகத்தில் இத்தனை ஆற்றலைச் சேர்த்து வைத்து அதை ஒரே கணத்தில் விடுவித்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பளிச்சென்ற ஒளி காட்டுகிறது.

ஏன் இப்படி உடைகிறது என்று கேட்டால், நான் மாணவர்களிடம் முதலில் படிக உலோகம் ஏன் உடையாமல் நீள்கிறது என்று கேட்கச் சொல்வேன். படிகத்தில் அணு வரிசைகளுக்கு நடுவே பிழைகள் இருக்கின்றன, இடப்பிறழ்வுகள் என்கிறோம். விசை கொடுத்தால் அவை நகர்கின்றன, பெருகுகின்றன, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. சிக்கிய இடம் கடினமாகிறது. உடனே உருமாற்றம் இன்னும் கடினமாகாத பக்கத்து இடத்துக்குப் போகிறது. இப்படித் திரிபு பொருள் முழுவதும் பரவுகிறது. செப்புக் கம்பியை ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்தி மறுபடி வளைக்க முயன்றால், அந்த இடம் முன்னைவிட இறுகியிருப்பதை விரலே சொல்லிவிடும்.

கண்ணாடியில் வரிசையே இல்லாததால் இடப்பிறழ்வும் இல்லை. விசை ஏறும்போது, நெருக்கம் சற்றுக் குறைந்த இடங்களில் சில பத்து அணுக்கள் கொண்ட சிறு திரள்கள் மொத்தமாக இடம் மாறுகின்றன. மாறிய இடம் மேலும் தளர்கிறது, கடினமாவதில்லை. எனவே அடுத்த உருமாற்றமும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. முடிவில் 10 அல்லது 20 நானோமீட்டர் பருமனுள்ள ஒரு தளத்தில் மட்டும் பொருள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இதைச் சறுக்குப் பட்டை என்று சொல்வோம். மீதிப் பொருள் முழுவதும் எதுவும் நடக்காதது போல இருக்கும். ஒரே ஒரு பட்டை ஓடித் துண்டு இரண்டாகிவிடும்.

அந்தப் பட்டைக்குள் எவ்வளவு சூடேறுகிறது என்பது நெடுங்காலம் சர்ச்சையாக இருந்தது. பட்டை அவ்வளவு மெல்லியது, நிகழ்வு அவ்வளவு விரைவானது. வெப்பக் கேமராவில் பிடிபடாது. 2006-இல் ஜான் லெவண்டோவ்ஸ்கியும் லிண்ட்சே கிரீரும் செய்த சோதனையை நான் எப்போதும் வியந்து சொல்வேன். உலோகக் கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு பூசினார்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். துண்டை வளைத்தபின் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், சறுக்குப் பட்டை வெளிவந்த கோட்டை ஒட்டி வெள்ளீயம் உருகி மணி மணியாகத் திரண்டிருந்தது. திரண்ட பகுதியின் அகலத்தை வைத்துக் கணக்கிட்டபோது, சில நானோநொடிகளுக்குள் சில ஆயிரம் டிகிரி வரை வெப்பநிலை உயர்ந்திருக்கலாம் என்று தெரிந்தது. வெப்பம் பரவிய அகலம் பட்டையின் பருமனைவிட மிகப் பெரியது. எனவே பட்டையின் மெல்லிய பருமனை வெப்பத்தால் விளக்க முடியாது என்றும் அவர்கள் காட்டினார்கள். பொருள் தளர்ந்து ஓடியதால் வந்த விளைவு அந்த வெப்பம். விலை உயர்ந்த கருவி எதையும் விடப் பொருத்தமான ஒரு பூச்சு இந்தக் கேள்வியைத் தீர்த்துவைத்தது.

இப்போது நான் முன்பு சொன்ன அளவுக்கு வருகிறேன். மெல்லிய உலோகக் கண்ணாடி நாடா ஒன்றை எடுத்து முழுதாக மடித்தால் உடையாது, மடிந்து நிற்கும். அதே கலவையில் சில மில்லிமீட்டர் பருமனுள்ள தகட்டை வளைத்தால் டப்பென்று உடையும். கால்டெக்கிலும் ஸ்டான்ஃபோர்டிலும் 2003 வாக்கில் இதை முறையாக ஆராய்ந்தார்கள். தகடு மெலிய மெலியச் சறுக்குப் பட்டைகளின் எண்ணிக்கை கூடுகிறது, ஒவ்வொரு பட்டையின் நழுவலும் குறைகிறது. ஒரு பட்டை குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் நழுவினால்தான் விரிசலாகிறது. அதற்குள் நிறுத்திவிட்டால் அது ஒரு கோடாகவே நின்றுவிடும். இதை விரிசல் நுனிக்கு முன்னால் பொருள் வளைந்துகொடுக்கும் பகுதியின் அளவோடு பொருத்திப் பார்க்கலாம். வைட்ரலாய் போன்ற கலவைகளில் அந்தப் பகுதி பத்து மைக்ரான்களிலிருந்து நூற்றுச்சொச்சம் மைக்ரான் வரை இருக்கும். கலவையையும் அதில் உள்ள மாசையும் பொறுத்து மாறும்.

இன்னும் சிறிய அளவிலும் இதே கதைதான். டோங்சான் ஜாங்கும் ஜூலியா கிரீரும் 2010-இல் சிர்க்கோனியம் கண்ணாடியை 100 நானோமீட்டர் தடிமனுள்ள கம்பமாகச் செதுக்கி இழுத்தார்கள். அது எஃகைப் போல நடுவில் கழுத்து மெலிந்து நீண்டது. சறுக்குப் பட்டை உருவாகி ஓடவே இடமில்லாத அளவு அது சிறியது. கண்ணாடிக்கு நீளும் தன்மை இயல்பிலேயே இருக்கிறது; பெரிய துண்டில் அது வெளிப்பட வாய்ப்பில்லாமல் போகிறது. அப்படியானால் பெரிய துண்டுக்குள் நுண்ணிய தடைகளை வைத்து, எந்தப் பட்டையும் நெடுந்தூரம் ஓட முடியாதபடி செய்யலாமா? கூட்டுப்பொருள் என்ற எண்ணத்தின் வேர் அதுதான்.

முதல் முயற்சிகள் வெளியிலிருந்து சேர்ப்பதாகவே இருந்தன. 1997-இல் ஹாக்யங் சோய்-யிம்மும் ஜான்சனும் சிலிக்கன் கார்பைடு, டங்ஸ்டன் கார்பைடு போன்ற துகள்களையும் உலோகத் துகள்களையும் உருகிய வைட்ரலாயில் கலந்தார்கள். அடுத்த ஆண்டு ஜான்சன் குழுவினர் டங்ஸ்டன் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் அடுக்கி அவற்றின் இடையே கண்ணாடியை ஊடுருவவிட்டார்கள். அமுக்கிப் பார்த்தபோது, டங்ஸ்டன் கம்பி நிறைந்த துண்டுகள் உடையுமுன் அடைந்த திரிபு 900 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. எஃகுக் கம்பி இட்ட துண்டுகளை இழுத்துப் பார்த்தபோது, உடைக்கத் தேவைப்பட்ட ஆற்றல் 18 விழுக்காடு கூடியது.

இந்த இரண்டு எண்களும் ஒரே கம்பியைப் பற்றியவை அல்ல. நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் இவற்றுக்கு இடையிலுள்ள தொலைவை இங்கே இருக்கும் ஆய்வு மாணவர்கள் மறக்கக் கூடாது. துண்டை அமுக்கும்போது மேலும் கீழும் உள்ள எந்திரத் தகடுகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. சறுக்குப் பட்டை ஓட முயன்றால் உராய்வு தடுக்கிறது. விரிசல் திறக்க வழியில்லை. துண்டு குட்டையாக இருந்தால் பட்டை ஓடவே இடம் போதாது. பொருள் பெரிதும் நீளக்கூடியது போல் தோன்றும். சோதனை எந்திரத்தின் விறைப்பும் துண்டின் பருமனும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் தெளிவாக்கின. ஒரே கலவையை மெல்லிய கம்பியாக்கினால் நீள்கிறது, தடித்த கம்பியாக்கினால் நொறுங்குகிறது. ஆண்டுக்கணக்கில் எத்தனையோ ஆய்வுத்தாள்கள் அமுக்கச் சோதனையை மட்டும் காட்டி, நீளும் கண்ணாடி கிடைத்துவிட்டதாக அறிவித்தன. இதை நான் கடுமையாகவே சொல்கிறேன். பாலத்தின் கம்பியும் விமானத்தின் தாங்கியும் இழுவையைச் சந்திக்கின்றன. இழுவை வளைவு இல்லாத ஆய்வை நீளும் தன்மை பற்றிய ஆய்வாக ஏற்கக் கூடாது.

வெளியிலிருந்து சேர்ப்பதில் இன்னொரு குறையும் உண்டு. கம்பிக்கும் கண்ணாடிக்கும் இடையே வேதிவினை நடக்கிறது. ஒட்டிய எல்லையே விரிசலுக்குப் பிறப்பிடமாகிறது. அதனால் இரண்டும் ஒரே உருகலிலிருந்து தாமாகப் பிரிந்து வளர வேண்டும் என்ற எண்ணம் வந்தது. சார்லஸ் ஹேஸ், சூங் பால் கிம், ஜான்சன் மூவரும் 2000-இல் இதைச் செய்துகாட்டினார்கள். வைட்ரலாய்க் குடும்பத்தில் நயோபியத்தைச் சேர்த்தார்கள். உருகல் ஆறும்போது முதலில் டைட்டானியம், சிர்க்கோனியம், நயோபியம் மூன்றும் கலந்த படிகம் மரக்கிளை போல் கிளைத்து வளர்கிறது. உலோகவியலில் இதை டென்ட்ரைட் என்பார்கள். பெரிலியத்துக்கு அந்தப் படிகத்துக்குள் இடமில்லை. தாமிரமும் நிக்கலும் பெரும்பாலும் திரவத்திலேயே தங்குகின்றன. மிஞ்சிய திரவம் எளிதில் கண்ணாடியாகக் கூடிய கலவையாகவே இருக்கிறது. ஆறியபின் கிளைப்படிகங்கள் கண்ணாடியில் பதிந்து கிடக்கின்றன. எல்லையில் ஒட்டுக் குறை இல்லை; இரண்டும் ஒரே உருகலின் பிள்ளைகள். துண்டு முழுவதும் சறுக்குப் பட்டைகள் ஒழுங்கான வலைபோல் பரவின. பல நூறு சிறு நழுவல்கள் ஒரு பெரிய நழுவலின் இடத்தை எடுத்துக்கொண்டன.

ஆனால் கட்டியின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வேகத்தில் ஆறியது. குளிர்ந்த செப்புப் பரப்பை ஒட்டிய இடத்தில் படிகங்கள் நுண்ணியவையாகவும், மேலே பருத்தவையாகவும் வளர்ந்தன. ஒரே கட்டியிலிருந்து வெட்டிய துண்டுகள் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டன. 2008-இல் டக்ளஸ் ஹாஃப்மனும் ஜான்சனும் உடன் பணியாற்றியவர்களும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் புதிதாகச் சிந்தித்தது. அந்தத் தாளை நான் பலமுறை படித்திருக்கிறேன். இந்தத் துறையில் ஒரு மாணவர் ஒரே ஒரு தாளைத்தான் படிப்பார் என்றால் இதைத்தான் கொடுப்பேன்.

அவர்கள் உருகலை முழுதாக ஆறவிடவில்லை. முழுத் திரவமாகவும் இல்லாமல் முழுத் திடமாகவும் இல்லாமல், படிகமும் திரவமும் சேர்ந்து இருக்கும் வெப்பநிலையில் நிறுத்தி வைத்தார்கள். அந்த நிலையில் நுண்ணிய கிளைகள் கரைந்து பெரிய கிளைகள் பருக்கின்றன. போதிய நேரம் விட்டால் கட்டி முழுவதும் ஒரே அளவுக்கு வருகிறது. அதன் பிறகு விரைந்து குளிர்வித்தால் மிஞ்சிய திரவம் கண்ணாடியாகிறது. படிகங்களின் பருமனையும் இடைவெளியையும் அவர்கள் மேலே சொன்ன வளைந்துகொடுக்கும் பகுதியின் அளவுக்குள் அடங்கும்படி பொருத்தினார்கள். சறுக்குப் பட்டை ஒரு படிகத்தருகே பிறக்கிறது, கண்ணாடியில் ஓடுகிறது, விரிசலாக மாறும் தூரத்தை எட்டுமுன் அடுத்த படிகத்தில் முட்டி நிற்கிறது.

இரண்டாவது நிபந்தனையும் உண்டு. படிகம் கண்ணாடியைவிட மென்மையாக, எளிதில் வளைந்துகொடுப்பதாக இருக்க வேண்டும். கடினமான துகளை வைத்தால் அதன் ஓரத்தில் தகைவு குவிந்து விரிசல் தொடங்கிவிடும். மென்மையான படிகம் முதலில் தான் வளைந்து, தன்னைச் சுற்றியுள்ள கண்ணாடியில் பல இடங்களில் பட்டைகளைப் பிறக்கச் செய்கிறது. வந்து மோதும் பட்டையின் கூர்மையையும் மழுக்குகிறது. வலிமை மிகுந்த பொருளைக் காப்பாற்ற அதற்குள் மென்மையான பொருளை வைக்க வேண்டியிருக்கிறது என்பது முதலில் கேட்பவருக்குத் தலைகீழாகத் தோன்றும். இழுவை வளைவு அதை மெய்ப்பித்துவிட்டது.

ஹாஃப்மன் குழுவின் மூன்று கலவைகளில் டிஎச்1-இல் பெரிலியம் 19.1 விழுக்காடு, டிஎச்3-இல் 12.5 விழுக்காடு. பெரிலியத்தைக் குறைக்கக் குறைக்கப் படிகத்தின் பங்கு கூடி, கொள்ளளவில் 42-லிருந்து 67 விழுக்காடு வரை போகிறது. அறை வெப்பநிலையில் இழுத்தபோது நீட்சி 10 விழுக்காட்டைத் தாண்டியது. வளையத் தொடங்கும் தகைவு 1.2 முதல் 1.5 கிகாபாஸ்கல் வரை இருந்தது. விரிசல் பரவலைத் தாங்கும் திறன் 170 மெகாபாஸ்கல் √மீட்டர் வரை உயர்ந்தது. வைட்ரலாய் 1-இல் இதே அளவு 20-லிருந்து 55 வரைதான் பதிவாகியிருந்தது. மிகச் சிறந்த எஃகு, டைட்டானியம் கலவைகளோடு இந்தப் பொருள் போட்டியிட்டது. சில அளவைகளில் அவற்றை மிஞ்சவும் செய்தது. வலிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் இத்தனையும் பெற்றார்கள். அந்தப் பேரம் நமக்கு மிகவும் சாதகமானது என்பேன்.

அளவுதான் முக்கியம் என்பதற்கு நேரடியான இன்னொரு சான்று யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பரான் சராச்சும் ஜான் ஷ்ரோயர்ஸும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. சிலிக்கன் அச்சில் உலோகக் கண்ணாடியை மென்மையாகும் வெப்பநிலைக்குச் சூடாக்கி அழுத்தி, வரிசையான துளைகள் கொண்ட மெல்லிய தகடுகளைச் செய்தார்கள். துளையின் பருமனையும் இடைவெளியையும் விருப்பம்போல் மாற்ற முடிந்தது. படிகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளைதான் இருக்கிறது. அப்படியிருந்தும் இடைவெளி சரியாக அமைந்த தகடு இழுவையில் நீண்டது. ஒன்றுமில்லாத இடமே சரியான தூரத்தில் இருந்தால் நீட்சியைத் தரும் என்றால், தூரத்தின் பங்கு என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

களைப்பு முறிவைப் பற்றியும் ஒரு சொல். இறக்கையும் அச்சும் ஒரே இழுப்பில் உடைவதில்லை. சிறு சுமை லட்சக்கணக்கான முறை வந்து போய்த்தான் உடைகின்றன. வைட்ரலாய் 1 இதில் மிக மோசம். தன் வலிமையில் நூற்றுக்கு நான்கு பங்கு சுமையைக் கூடத் திரும்பத் திரும்பத் தாங்க முடியாமல் உடைந்த பதிவுகள் உண்டு. மாக்சிமிலியன் லோனே, ஹாஃப்மன், ஜான்சன், ராபர்ட் ரிச்சி 2009-இல் டிஎச்3 கலவையைச் சோதித்தபோது அந்த எல்லை ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இங்கே வேலை செய்த இடைவெளி இன்னும் நுண்ணியது: கிளைப்படிகத்தின் கிளைகளுக்கு நடுவே உள்ள சுமார் 2 மைக்ரான். ஒரே படிகத்துக்குள் இரண்டு அளவுகள், இரண்டு விதமான சேதத்தை எதிர்த்து நிற்கின்றன.

இந்தக் கலவைகளுக்கு ஒரு பெருங்குறை இருக்கிறது. இவை நீளும்போது இறுகுவதில்லை. கண்ணாடிப் பகுதி தளர்கிறது. படிகம் கொஞ்சம் இறுகினாலும் ஈடுகட்டப் போதவில்லை. எனவே இழுக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் துண்டின் ஓரிடம் மெலிந்து கழுத்தாகிறது. பத்து விழுக்காடு நீட்சியில் பெரும்பகுதி அந்தக் கழுத்திலேயே நிகழ்கிறது. துண்டு முழுவதும் சீராக நீள வேண்டுமானால் படிகம் உருமாறும்போதே வலுக்க வேண்டும்.

இதற்கான வழி தாமிரம்-சிர்க்கோனியம் குடும்பத்தில் இருந்தது. இன்று இந்தியாவில் பணிபுரியும் ஜயந்த தாஸ் ஜெர்மனியில் இருந்தபோது, யூர்கன் எக்கர்ட் முதலியோருடன் 2005-இல் தாமிரம் 47.5, சிர்க்கோனியம் 47.5, அலுமினியம் 5 என்ற எளிய கலவை அமுக்கத்தில் உருமாறும்போதே வலுக்கிறது என்று காட்டினார். 2010-இல் சைமன் பாலி முதலியோரும், பெய்ஜிங்கில் வூ, லூ முதலியோரும் அடுத்த படிக்குப் போனார்கள். இந்தக் குடும்பத்தில் சரியான வேகத்தில் குளிர்வித்தால் பி2 என்ற கனசதுரப் படிகம் கண்ணாடிக்குள் விளைகிறது. விசை பட்டதும் அது மார்ட்டென்சைட் என்ற வேறு அடுக்குக்கு மாறுகிறது. மாறிய இடம் வலுப்பதால் உருமாற்றம் அடுத்த இடத்துக்குத் தள்ளப்படுகிறது. கார்களுக்கான சில நவீன எஃகுகளில் நிகழ்வதும் இதே மாற்றம்தான். படிகத்துக்குள் இடப்பிறழ்வு செய்த வேலையை இங்கே ஒரு கட்டமைப்பு மாற்றம் செய்கிறது. இந்த வழியில் துண்டு இறுகிக்கொண்டே நீள்கிறது. பெரிலியமும் தேவையில்லை.

பெரிலியம் தேவையில்லை என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். அதன் தூசியை மூச்சில் இழுத்தவர்களுக்கு நுரையீரலில் நாள்பட்ட, தீராத நோய் வரக்கூடும். உருக்குபவர், அரைத்து மெருகேற்றுபவர், வெட்டுபவர் என்று முதலில் பாதிக்கப்படுவது தொழிலாளி. எவ்வளவு உயர்ந்த எண்கள் கிடைத்தாலும், காற்றோட்டமும் பாதுகாப்பும் இல்லாத கூடத்தில் அந்தக் கலவையைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தியாவில் இந்தத் துறைக்கு நல்ல அடித்தளம் உண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் டி. ஆர். அனந்தராமன் விரைவாகக் குளிர்வித்த உலோகங்களின் ஆய்வை வளர்த்தார். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் உபத்ரஷ்ட ராமமூர்த்தி உலோகக் கண்ணாடியின் உருமாற்றத்தை ஆழமாக ஆராய்ந்தார். கிறிஸ்டோபர் ஷூ, டாட் ஹஃப்நேகல் இருவருடன் அவர் 2007-இல் எழுதிய விரிவான மதிப்புரை உலகெங்கும் மாணவர்கள் தொடங்கும் இடமாக இருக்கிறது. கிளைப்படிகக் கூட்டுப்பொருள்களின் இழுவை நடத்தையை நுண்ணமைப்போடு இணைத்து ஆராய்ந்ததிலும் அவர் குழுவுக்குப் பங்குண்டு.

பயன்பாட்டில் இன்று முன்னால் நிற்பது விண்வெளி. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஹாஃப்மன் குழு, உலோகக் கண்ணாடியில் வார்த்த பற்சக்கரங்களை மைனஸ் 170 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் மசகு இல்லாமலே ஓடவிட்டது. செவ்வாயில் ஊரும் கியூரியாசிட்டி, நகரத் தொடங்குமுன் மசகைச் சூடேற்ற மின்சாரத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது. இத்தகைய சக்கரங்கள் இருந்தால் அந்தச் செலவு மிச்சமாகும். அங்கே வென்றது பெரும்பாலும் தனிக் கண்ணாடி. கூட்டுப்பொருள்கள் ஆய்வகத்தில் காட்டிய திறனுக்கு ஏற்ப இன்னும் வெளியே வரவில்லை. பாதித் திரவ நிலையில் நிறுத்தி வைப்பது சிறு கட்டியில் எளிது, பெரிய வார்ப்பில் கடினம். சிர்க்கோனியம் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். மிகச் சிறிய அளவு ஆக்சிஜன் கூடப் படிகம் முளைக்க விதையாகிக் கண்ணாடியைக் கெடுத்துவிடும். தூய மூலப்பொருளின் விலையும் சேர்ந்துகொள்கிறது.

பி2 கலவைகளின் சிக்கல் வேறு. அந்தப் படிகம் சீராக விளைவதில்லை. தண்டின் மையம் மெல்ல ஆறுவதால் அங்கே பெரிய உருண்டைகளாகத் திரண்டு ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகிறது. ஓரத்தில் வெறும் கண்ணாடிதான் மிஞ்சுகிறது. ஏறத்தாழ 715 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பி2 தானாக நிலைத்து நிற்பதும் இல்லை. மெல்ல ஆறவிட்டால் வேறு இரண்டு படிகங்களாகப் பிரிந்து பொருளை நொறுங்கச் செய்யும். வேகமாகக் குளிர்வித்தால் பி2 விளையாது, மெதுவாகக் குளிர்வித்தால் கெட்டுவிடும். நடுவில் உள்ள சிறிய இடைவெளியில்தான் வேலை செய்ய வேண்டும். கோபால்ட்டைச் சிறிதளவு சேர்த்ததில் நிலைமை மேம்பட்டது. அடுக்கடுக்காக லேசரால் உருக்கி அச்சிடும் முறையில் ஒவ்வொரு அடுக்கும் விரைந்து ஆறுவதால் பருமன் வரம்பு தளர்கிறது. ஆனால் மேல் அடுக்கின் சூடு கீழ் அடுக்கை மறுபடி படிகமாக்குகிறது.

எனவே இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். பெரிலியம் இல்லாத ஒரு கலவையில், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பருமனுள்ள வார்ப்பின் மையத்திலும் ஓரத்திலும் பி2 படிகங்கள் ஒரே இடைவெளியில் விளைய என்ன சேர்க்க வேண்டும், எப்படிக் குளிர்விக்க வேண்டும்? இதை ஆராய வில் உலை, ஆர்கன் வாயு, செப்பு அச்சு, மின்னணு நுண்ணோக்கி, இழுவைச் சோதனை எந்திரம் இவை போதும். இவற்றில் பல நம் பொறியியல் கல்லூரிகளிலேயே இருக்கின்றன. துண்டின் எந்தப் பகுதியிலிருந்து வெட்டினீர்கள் என்பதையும், அங்கே படிகங்களின் இடைவெளி எத்தனை மைக்ரான் என்பதையும், இழுவை வளைவோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள்.